குலசேகரத்து மழையைத் தாங்குமா கோல்ஃப் 'கிரீன்'?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் எங்கு திரும்பினாலும் ரப்பர் தோட்டம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். பக்கத்திலேயே திற்பரப்பு அருவி, பேச்சிப்பாறை அணை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என இரண்டும் இந்த ஊரை நனைக்கும். மழையிலும் பால்வெட்டு நிற்காமலிருக்க, மரங்களில் பிளாஸ்டிக் கட்டியிருப்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

இங்கிருந்து கோல்ஃப் ஆடப் போக நினைப்பவர், மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டியை விட வேண்டும். சுமார் 50 கி.மீ. அங்கே கவடியாரில், திருவிதாங்கூர் மன்னர் காலத்திலிருந்தே ஒன்பது குழி மைதானம் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழகத்தோடு இணையும்வரை குலசேகரத்துக்கும் அதுதான் தலைநகர். இரண்டு ஊருக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. இப்படிப்பட்ட மழையில் ஒரு 'கிரீன்' எப்படிப் பிழைக்கிறது?

அரிசி நீளம்கூட இல்லாத புல்

குழியைச் சுற்றியிருக்கும் வழவழப்பான புல்தரைதான் 'கிரீன்'. அங்கே பந்தை ஓங்கி அடிப்பதில்லை, உருட்டிவிட வேண்டும். குழியின் அகலம் நாலேகால் அங்குலம். புல்லை 3 முதல் 4 மில்லிமீட்டருக்கு ஒட்ட வெட்டுவார்கள். ஓர் அரிசி நீளம்கூட வராது. அப்படி வெட்டிய புல்லுக்கு இலையும் குறைவு, தெம்பும் குறைவு.

மழைநீர் தேங்கினால் வேருக்குக் காற்று போகாது. பாசி படரும், பூஞ்சை வரும். ஈரத்தில் ஆட்கள் நடக்க நடக்க மண் இறுகும். இறுகிய மண்ணில் அடுத்த மழை இன்னும் தேங்கும்.

மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடியில் சரளைக்கல் வடிகால் வேண்டும். மண்ணில் துளையிட்டு மணல் தூவ வேண்டும். ஒரே இடம் மிதிபடாமல் குழியை அடிக்கடி இடம் மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் தினமும் ஆள் வேண்டும். குறைந்த கட்டணத்தில் பலரும் ஆடும் பொது மைதானங்களில் கால்கள் அதிகம், பராமரிக்கும் கைகள் குறைவு.

யாருக்கு நஷ்டம்?

கிரீன் கெட்டுப்போனால், வசதியுள்ளவர் வேறு மைதானம் தேடிக்கொள்வார். இரவல் மட்டையோடு பழக வரும் பிள்ளைக்கு அந்த ஒன்றுதான் கதி. பந்து விலகியது தன் கையாலா, தரையாலா என்று புரியாமலேயே விளையாட்டை விட்டுவிடும்.

கால் தடத்தை அழிப்பவர்கள்

நல்ல புல் வளர்க்க வழியில்லாத இந்திய மைதானங்களில் 'பிரவுன்' என்றொரு ஏற்பாடு உண்டு. புல்லுக்குப் பதில் எண்ணெய் கலந்த மணல் தரை. அதில் நடந்தவர்களின் கால் தடத்தை இழுத்துச் சமப்படுத்திவிட்டுத்தான் அடுத்த குழிக்குப் போவார்கள். புல்தரைக்கும் அதே பழக்கம் உதவும். மேலிருந்து விழும் பந்து குழித்த இடத்தை உடனே சரிசெய்தால் புல் சீக்கிரம் தேறிவிடும். விட்டுவிட்டால் வாரக்கணக்கில் வடு நிற்கும்.

கோல்ஃபே ஆடாத குலசேகரத்துப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கால்பந்தோ கபடியோ, ஈர மைதானத்தில் பைக்கை ஏற்றாமல், தண்ணீர் வடிந்து தரை காய்ந்த பிறகு இறங்கினால், அடுத்த மழை வரை மைதானம் மைதானமாகவே இருக்கும்.