எண்ணும் கரடும்

துவாக்குடியில் நாம் பட்டறை தொடங்கிய புதிதில், கிரைண்டரில் மாட்டும் டிஸ்க்கின் எண்ணைப் பொருட்படுத்தியதில்லை. ஒருமுறை கனத்த இரும்புத் தகட்டில் வெல்டிங் மேடு ஒன்றைச் சமப்படுத்த வேண்டியிருந்தது. கீறல் விழுமோ என்றஞ்சி, 120ஆம் எண் டிஸ்க்கைத் தம்பியிடம் கொடுத்தோம். அவன் அரை நாள் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். டிஸ்க் மழுங்கி வழவழத்தது. இரும்பு சூடேறி நீலம் பாய்ந்தது. மேடோ அப்படியே நின்றது. அன்றிரவு அவன் விரல்கள் சோறு பிசையவும் மறுத்தன. அவனைச் சோம்பேறி என்று கடிந்துகொண்டதை நினைந்து இன்றும் நாணுகிறோம்.

அந்த எண், துகளைச் சலிக்கும் சல்லடையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்கள் என்னும் கணக்கையொட்டியது. எண் குறையக் குறையத் துகள் பருக்கும். ஆகவே கனத்த மேட்டைக் கரைக்க 24 அல்லது 36. அது விட்ட கீறலைத் தணிக்க 60. அதன் பின்னரே 80, 120. பொறுமையிழந்து 36லிருந்து 120க்குத் தாவினால், ஆழ்ந்த கீறல்கள் பதுங்கியிருந்து, வண்ணம் பூசியபின் நம்மைப் பார்த்து நகைக்கும். மெல்லிய தகடாயின் 36ஐத் தொடவே கூடாது. நொடியில் குழி விழும். அதையும் பட்டே அறிந்தோம்.

இப்போது டிஸ்க்கைத் தெரிந்தெடுப்பவன் தம்பிதான். அவன் தருவதை நாம் வாங்கி மாட்டிக்கொள்கிறோம்.