கூடு வேகும் சூடு

இயற்பியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அனுப்பிய ஆய்வுச் செய்திதான் என்னைத் தர்மபுரிக்கு இழுத்து வந்தது. டிரைபீனைல்பாஸ்பீன் என்றொரு மூலக்கூறு. அதைக் கிராஃபைட் பரப்பின்மேல் படியவைத்து, நியூட்ரான் கதிர்களைக் கொண்டு அதன் அசைவை அளந்திருக்கிறார்கள். சுமார் 27 டிகிரி செல்சியஸ் வரைக்கும் அது பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழல்கிறது, உள்ளுக்குள் ஆடுகிறது. 77 டிகிரியைத் தாண்டிய பிறகு இடம்விட்டு இடம் தாவவும் தொடங்குகிறது. பரப்பும் அதுதான், மூலக்கூறும் அதுதான். மாறியது சூடு மட்டும்.

2016இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரும் மூலக்கூறுகளின் இத்தகைய அசைவை வேலைவாங்கும் மூலக்கூறு இயந்திரங்களுக்கு வழி திறந்தவர்கள். அவர்களில் ஒருவரான பென் ஃபெரிங்கா 1999இல் உருவாக்கிய சுழல் மோட்டார் ஒளியில் ஓடுவது என்றுதான் பெயர். ஆனால் ஒளி தள்ளிவிடும் ஒவ்வோர் அடிக்குப் பிறகும், அது பின்னால் திரும்பிவிடாமல் பூட்டுவது வெப்பம். "இதை ஆய்வகத்தில் பார்க்க உனக்கு வழியில்லை. சூட்டைக் கூட்டிக் குறைத்து மூலக்கூறுகளை இளக்கவும் இறுக்கவும் தெரிந்தவர்களை உங்கள் பக்கத்திலேயே பார்க்கலாம், பட்டு நூற்கும் இடத்துக்குப் போ" என்று நண்பர் சொன்னார். தெரிந்த நூற்பாளர் ஒருவரின் முகவரியையும் கொடுத்தார்.

முதலில் நான்கு ரோடு அருகே உள்ள பட்டுக்கூடு ஏல அங்காடிக்குப் போனேன். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து விவசாயிகளோடு வெளிமாவட்டக்காரர்களும் கூடு கொண்டுவந்திருந்தார்கள். வெண்கூடு ஒரு பக்கம், மஞ்சள் கூடு ஒரு பக்கம். நூற்பாளர்கள் ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்த்துவிட்டு விலை சொல்கிறார்கள். ஏலத்தின் நுணுக்கங்கள் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். புழு வளர்ப்பும் தனியாக எழுத வேண்டிய பெரிய கதை. எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது அடுப்பு.

நண்பர் கொடுத்த முகவரி ஊருக்குச் சற்று வெளியே, தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே நுழைந்ததும் முகத்தில் அடிப்பது புழு வேகும் வாடை. சட்டையில் ஏறினால் துவைத்தாலும் லேசில் போகாது. ஓர் ஓரத்தில் விறகடுப்பு, அதன்மேல் தண்ணீர்த் தொட்டிகள். வரிசையாக நூற்பு பேசின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண். கூடு வேகவைக்கும் இடத்தில் நின்றவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. அன்று முழுக்க அவர் பக்கத்திலேயே நின்றேன்.

கம்பிவலைக் கூடையில் வெண்கூடுகளை அள்ளிப்போட்டு மூடி, கொதிக்கப் போகும் தண்ணீரில் அமுக்குகிறார். கூடுகள் மேலே வர முட்டுகின்றன, குமிழி குமிழியாகக் காற்று வெளியேறுகிறது. ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும். சட்டென்று தூக்கி, சூடு குறைந்த அடுத்த தொட்டியில் அமிழ்த்துகிறார். நான் கேட்க வந்த பாடம் முழுவதும் அந்தத் தூக்கலில்தான் இருக்கிறது. கொதிநீரில் கூட்டின் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது, அதன் இடத்தை நீராவி பிடிக்கிறது. குளிர்ந்த தண்ணீருக்கு வந்ததும் ஆவி சுருங்கி, தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்தச் சூட்டு வித்தியாசம் இல்லாவிட்டால் தண்ணீர் வெளித்தோலோடு நின்றுவிடும். உள்ளடுக்கு வேகாது.

வேகவேண்டியது பசை. ஒரு கூட்டில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்ற புரதப் பசை, மீதியில் பெரும்பகுதி ஃபைப்ராயின் என்ற நார்ப்புரதம். புழு இரண்டு நாரை ஒன்றாகச் சேர்த்துப் பசை பூசி, தலையை எட்டுப் போட்டபடி அசைத்து அசைத்துக் கட்டிய வீடு அது. ஃபைப்ராயினில் சங்கிலிகள் படிகம்போல அடுக்கடுக்காகப் பூட்டிக் கிடப்பதால் வெந்நீர் அதை எளிதில் அசைக்காது. செரிசின் தண்ணீரை விரும்புவது. அதிலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தை 1865இலேயே எமில் கிராமர் பட்டுப் பசையிலிருந்துதான் பிரித்தெடுத்தார். சூடு ஏறும்போது செரிசின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன, தண்ணீர் இடையில் புகுகிறது, சங்கிலிகள் நகர ஆரம்பிக்கின்றன. நார் அப்படியே இருக்க, பசை மட்டும் இளக வேண்டும். அந்த இடைவெளியில் நிற்பதுதான் தொழில்.

"எப்பத் தூக்கணும்னு எப்படிக்கா தெரியுது? வெப்பமானி எதுவும் இல்லையே?"

"கூடே சொல்லும் தம்பி. தண்ணி உள்ள ஏறினா நிறம் மாறும். விரல்ல அமுக்கினா கொஞ்சம் விட்டுக்குடுக்கும், ஆனா நசுங்கக் கூடாது. சோத்துப் பதந்தான்."

வேகாவிட்டால் நூல் ஓடும்போது பசை விடாமல் பிடித்துப் படக்கென்று அறுந்துவிடும். அதிகம் வெந்தால் பசை கரைந்து, ஒரே இழுப்பில் பல சுற்று சேர்ந்து வந்து நூலில் கட்டியாக நிற்கும். நுனி தேடும்போதும் கழிவாகவே நிறையப் போகும். மழைக்காலக் கூட்டுக்கு ஒரு கணக்கு, வெயில் காலக் கூட்டுக்கு ஒரு கணக்கு. உலர வைத்து நாளான கூடென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். மஞ்சள் கூடு வந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அக்கா இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஒரு கூடையைத் தூக்கினார், கண் அடுப்பை விட்டு அகலவில்லை. விறகை ஒரு சாண் வெளியே இழுத்தார்.

பேசினில் இருக்கும் பெண்களின் வேலை அடுத்தது. எட்டுக் கூடுகளின் இழைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நூலாகி மேலே ஏறுகின்றன. ஒரு கூட்டின் இழை உள்ளே போகப்போக மெலியும் என்பதால், எது புதுக்கூடு, எது பாதி தீர்ந்தது என்று பார்த்துப் பார்த்துக் கலக்க வேண்டும். நூல் தன்மேலேயே முறுக்கிக்கொண்டு போகும் இடத்தில் தண்ணீர் பிழியப்படுகிறது. ஈரம் வற்ற வற்ற, சற்றுமுன் இளகிய அதே பசை மறுபடி இறுகி எட்டு இழைகளையும் ஒன்றாக்குகிறது. இளக்கிய சங்கிலிகளைத் திரும்பப் பூட்டும் வேலை. நல்ல வெண்கூட்டில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இழை இருக்கும். அது அறாமல் வர, அடுப்பில் நின்றவரும் பேசினில் உட்கார்ந்தவரும் ஒரே பதத்தை மனதில் வைத்திருக்க வேண்டும்.

அக்காவின் கைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விரல் நுனிகள் வெளுத்து, தோல் உரிந்து, நகக்கண்கள் வெடித்திருந்தன. பதினாறு வயதில் சர்க்கா என்ற கைராட்டையில் உட்கார்ந்தாராம். கல்யாணமாகி வேறு கொட்டகை, பிறகு கணவர் போனபின் மறுபடி இங்கே. மழைக்காலத்தில் இளைப்பு வருகிறது, புழுவின் தூசியும் புகையும்தான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பட்டுத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவது மருத்துவ உலகம் நன்கு அறிந்த விஷயம்தான். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் இன்னும் கழியவில்லை. அது தீரும்வரை இந்த அடுப்பை விட்டு நகர முடியாது.

கொட்டகையை நடத்துபவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அங்காடியில் கூட்டுக்குக் கையோடு பணம் எண்ண வேண்டும், நூலுக்கு வரும் காசோ கடனில் நிற்கும். ஒரு கிலோ நூலுக்கு ஆறரை முதல் எட்டுக் கிலோ வரை கூடு போகிறது. கூட்டு விலை நாளுக்கு நாள் ஏறி இறங்க, நூலை எடுத்துக்கொள்ளும் தரகர் முன்பே கொடுத்த கடனைக் காட்டித் தன் விலையைச் சொல்கிறார். அந்த நூல் முறுக்கேறி, சோப்புத் தண்ணீரில் வெந்து, பசையெல்லாம் போய்க் கால் பங்கு எடை குறைந்து, காஞ்சிபுரத்தில் சேலையாகும்போது விலை எங்கோ போய்விடுகிறது. சேலையின் மினுமினுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் அந்த மினுமினுப்பு எந்தச் சூட்டில் தொடங்கியது என்று கேட்பதில்லை. நூல் சீராக இருந்தால் தரகருக்கு நல்ல விலை. சீராக்கிய கைக்கு நாள் கூலி, நல்ல நூல் வந்தாலும் அதேதான், கட்டி விழுந்தால் மட்டும் ஏச்சு. நடுவில் நிற்பவர் கூட்டையும் தொடுவதில்லை, வெந்நீரையும் தொடுவதில்லை. பெரும்பங்கு அவருக்குப் போவது எந்த நியாயத்தில் சேர்த்தி? வெப்பத்தால் மூலக்கூறுகளை நகர்த்துவது ஆய்வகத்தில் அறிவு என்றால், விறகடுப்பில் அதைச் செய்பவரின் கூலியில் அந்த அறிவுக்கு ஒரு பங்கு இருக்க வேண்டும். நூலின் தரத்துக்குக் கிடைக்கும் கூடுதல் விலையில் வேகவைப்பவருக்கும் நூற்பவருக்கும் இத்தனை சதம் என்று எழுத்தில் வைப்பது ஒன்றும் செய்ய முடியாத காரியமில்லை.

தானியங்கி நூற்பு இயந்திரங்கள் வந்துவிட்டன. நீராவியின் சூட்டைத் திருகிவைக்கிறார்கள், நூலின் பருமனைக் கருவியே பார்த்துக்கொள்கிறது. கைகள் வெந்நீரில் வேகாமல் தப்பிக்க அது நல்லதுதான், வரட்டும். ஆனால் கூடு ஒவ்வொரு சுமைக்கும் மாறுகிறது. எந்தச் சுமைக்கு எத்தனை டிகிரி என்று முடிவுசெய்ய அங்கும் ஒரு ஆள் வேண்டும்.

"அந்த மிஷின் போட்ட எடத்துக்கு உங்களைக் கூப்பிட்டாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டாங்க. வேகவச்சுக் காட்டச் சொன்னாங்க. நாலு நாள் போய்ச் சொல்லிக்குடுத்தேன், எழுதிக்கிட்டாங்க. வேலைக்குப் படிச்ச பசங்க வேணும்னுட்டாங்க" என்றார் அக்கா, அடுத்த கூடையை அமுக்கியபடி.