முயல் என்னும் ஒரு சொல்

பசுவின் குருதியில் இரும்பைச் சுமக்கும் புரதம் டிரான்ஸ்ஃபெரின். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு இரும்பு அயனிகளைத் தாங்கவல்லது. அப்புரதத்தைக் கண்டறிய நாங்கள் ஆய்வகத்தில் கையாளும் எதிர்ப்பொருளோ முயலின் உடலில் உருவானது. பசுவையே கண்டிராத முயலுக்குப் பசுவின் புரதத்தை ஊசிவழி செலுத்துகிறார்கள். வந்தது அயலான் என்றறிந்து அவ்வுடல் தரும் மறுமொழியே எங்கள் சிறுகுப்பியில் இருக்கிறது.

விலங்குக்கு ஊசியிடாமலே, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைக் கொண்டு எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் வழியும் உண்டு. அவ்வழி கண்டவர்களுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் முயல்களின் பணி ஓயவில்லை.

சோதனைத்தாளில் பட்டை தெளிவாக விழுந்தால் மகிழ்கிறோம். ஆய்வுக்கட்டுரையில் அவ்வுயிருக்குக் கிடைக்கும் இடம் ஒரே சொல்: 'முயல்'. அச்சொல்லை விரைந்து கடக்க இப்போதெல்லாம் எங்களால் இயலவில்லை.