பண்ணைக் கடலிலிருந்து மண்டைதீவுக் கண்டல்காடு வரை

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைச் சைக்கிளில் ஒருநாள் வெளியே அழைத்துப்போவது என்று முடிவாயிற்று. கடலும் பார்க்க வேண்டும், காடும் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை. யாழ்ப்பாணத்தில் கடலுக்குக் குறைவில்லை. காடு என்றால் வன்னிக்கல்லவா போக வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1990 அக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் யாழ் நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் வாரிசுகள் அவர்கள். புத்தளத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தீவகம் கேள்விப்பட்ட பெயர் மட்டுமே. பிள்ளைகளுக்கும் அப்படியே ஆகிவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

முதலில் குறிகாட்டுவான் வரை போகலாமா என்று யோசித்தோம். பண்ணைப் பாலம் கடந்து மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வெள்ளைக் கடற்கரைப் பள்ளிவாசல் உள்ள மண்கும்பான், வேலணை, பிறகு கடலுக்கு நடுவே நீளும் தாம்போதியால் புங்குடுதீவு. அங்கிருந்து படகேறினால் நயினாதீவு. அம்மன் கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றும் அந்தச் சிறு தீவில் இருக்கின்றன. அழகான வழிதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தாம்போதியில் ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. (அவ்வளவு தூரம் போனால் கஸ்ர் தொழலாமா என்று ஒரு பிள்ளை கேட்டான். நமது ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா தூரம் வேண்டும். அது 80 கிலோமீட்டருக்கும் மேல். திரும்பும் தூரத்தைச் சேர்த்து எண்ணவும் முடியாது.) நெடுந்தீவின் குதிரைகளையும், அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரத்தையும் இன்ஷா அல்லாஹ் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே மண்டைதீவோடு நிறுத்திக்கொள்வது என்று தீர்மானித்தோம். சோனகத் தெருவிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். மேடு பள்ளம் இல்லை. இந்தப் பாதையில் காற்றுத்தான் மலை! சோளகம் வீசும் மாதங்களில் போகும்போது அது முகத்தில் அறையும்; திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். வாடைக் காலத்தில் நேர்மாறு. போகும்போது பறக்கும் பிள்ளை, களைத்துத் திரும்பும்போது பண்ணைப் பாலத்தில் சைக்கிளை உருட்ட வேண்டிவரும். சிறுவர்களுக்குச் சோளகமே நல்லது என்பேன். பூநாரை பார்க்க வேண்டுமானால் வாடைக் காலத்தைத்தான் தேர வேண்டும்.

அடுத்தது தண்ணீர். தீவுகளில் நல்ல தண்ணீர் அருமை. ஆளுக்கு இரண்டு போத்தல் கரியரில் கட்டியே ஆக வேண்டும். உளூவுக்குக் கவலையில்லை. கடலில் போகிறோம், கொஞ்சத் தண்ணீரே கொண்டுபோகிறோம், அதில் உளூச் செய்தால் தாகிக்குமே என்று ஒரு தோழர் கேட்டபோது, கடல்நீர் தூய்மையாக்கக்கூடியது என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாக்கிவிட்டார்கள். மத்ரஸாவில் எத்தனையோ தடவை படிப்பித்த பாடம். பண்ணைக் கரையில் நின்று சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கோட்டையைத் தாண்டினால் இரு பக்கமும் ஆழமில்லாத கடல். கம்புகள் நட்டுக் கட்டிய வலைகள் வரிசையாகத் தெரியும். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. 1986 ஜூன் 10ஆம் திகதி, இந்த மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர்கள் 30 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் கடற்படையினர் என்றே அந்த மக்கள் நினைவுகூர்கிறார்கள். நம் வீடுகளில் 1990ஐப் பற்றிப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். பக்கத்து வீட்டாரின் துயரத்தையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டாமா?

மண்டைதீவுச் சந்தியில் நேரே போகாமல் ஊர்ப்பக்கம் திரும்பினால் பனைகள், கோயில், தேவாலயம், அப்பால் சேற்று நிலம். அங்கேதான் நாம் தேடும் காடு. வன்னிக் காட்டை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாயிருக்கும். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே பச்சைப் புதர்கள், அவ்வளவுதான். குனிந்து பார்க்க வேண்டிய காடு இது. சேற்றிலிருந்து பென்சில்களை நட்டுவைத்தாற்போல் ஆயிரக்கணக்கில் வேர்கள் மேல்நோக்கி நிற்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் அவற்றின் வழியாக மூச்சு விடுகிறது. மிதித்தால் ஒடியும். வெண்கண்டல் இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்; குடித்த உப்பை இலை வழியாகக் கக்கிவிடுகிறது. விதையோ தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிடத் தொடங்கிவிடும். சுப்ஹானல்லாஹ்! இறால் குஞ்சும் மீன் குஞ்சும் நண்டும் வளரும் தொட்டில் இந்த வேர்களின் இடுக்குதான். பண்ணைக் கடலில் வலை கட்டுகிறவரின் அடுப்பு எரிவதற்கும் இதற்கும் தொடர்புண்டு.

இந்த வெண்கண்டலுக்குத் தாவரவியலார் வழங்கும் பெயர் அவிசென்னியா. மருத்துவ மேதை இப்னு ஸீனாவை ஐரோப்பியர் அவிசென்னா என்று அழைத்தார்கள். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் அவர் பெயரையே இம்மர இனத்துக்கு இட்டார். அல்-கானூன் எழுதிய, 1037இல் மறைந்த அந்தப் பெரியாரின் பெயர் மண்டைதீவுச் சேற்றில் நிற்கிறது! வளைகுடா அரபிகள் கண்டலைக் குர்ம் என்பார்கள். மஸ்கட்டில் குரும் என்றொரு பகுதியே உண்டு. ஒட்டகத்துக்கு இந்த இலை நல்ல தீனி.

2015இல் இலங்கை தன் கண்டல்காடுகள் முழுவதையும் காப்பதாக அறிவித்தது. அப்படி அறிவித்த முதல் நாடு என்ற பெருமையும் கிடைத்தது. 2025 செப்டம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். ஈரநிலமும் கண்டலும் பாதிக்கப்படும் என்று சுற்றாடல் ஆர்வலர்கள் எச்சரித்தார்கள். நம் பிள்ளைகள் கிரிக்கெட் பைத்தியங்கள். மைதானம் வருகிறது என்றால் துள்ளுவார்கள். அதில் தவறில்லை, போரில் நொந்த ஊருக்கு வேலையும் வருமானமும் வேண்டும். ஆனாலும் எதன் பக்கத்தில் அது எழுகிறது என்பதை முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத் துள்ளட்டும். இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடாததற்கு அதுவே காரணம்.

சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்ததும் புறப்பாடு. பாணும் சம்பலும் வீட்டிலிருந்தே கட்டிவர வேண்டும். பம்ப் ஒன்று, ரியூப் ஒட்டும் சாமான் ஒரு பை. பாலத்தில் இருவர் இருவராகப் போவது கூடாது, வாகனங்கள் வரும். ஒருவர் பின் ஒருவர்தான். முன்னே ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர். கண்டலுக்குள் இறங்குகிறவர்கள் செருப்பைக் கரையில் கழற்றிவிட வேண்டும்; சேறு அதைத் திருப்பித் தராது. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும் என்பதால் அதற்குள் சந்திக்குத் திரும்பிவிட்டால், ளுஹருக்கு ஊர்ப் பள்ளியில் ஜமாஅத்தைப் பிடித்துவிடலாம்.