படகுக்கேற்ற யந்திரம்

தூத்துக்குடிக் கரையில் நாட்டுப்படகுகளுக்கும் பைபர் வள்ளங்களுக்கும் ஜிபிஎஸ் யந்திரங்களைப் பொறுக்கிக் கொடுத்து, அவற்றில் பாயிண்டு என்று நாங்கள் சொல்லும் இடக்குறி எண்களை ஏற்றி, பழகாத கைகளுக்குப் பழக்கிவிடுகிற தொழிலை என் மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு நான் வீட்டோடு இருக்கத் தொடங்கிய பின்பு, ஒரு கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்த வேளையில், எங்கள் பக்கத்துப் படித்த இளைஞர் ஒருவர், "அதிலே பொறுக்க என்ன இருக்கு மாமா? திரை பெருசா இருக்கிறதை வாங்க வேண்டியதுதானே, இல்லேன்னா போன் போதுமே" என்றார். என்னைச் சிறுமைப்படுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும், ஆயுளின் பெரும்பகுதியை ஒரு வித்தைக்குச் செலவழித்தவனிடம் அப்படி ஒரு வித்தையே இல்லை என்று சொல்லும்போது, அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது வித்தைக்குச் செய்யும் துரோகம் என்று எனக்குப் படுகிறது.

கடைக்குள் மேசைமேல் வைத்துப் பார்த்து எந்த யந்திரத்தையும் நான் விற்றதில்லை. நிழலில் எல்லாத் திரையும் அழகுதான். கூரையில்லாத வள்ளத்தில், உச்சிவெயிலில், ஒரு கை மோட்டார்க் கைப்பிடியிலும் மறு கை வலைக்கயிற்றிலும் இருக்கிற மனிதன், கண்ணைச் சுருக்காமல் ஒரு பார்வையில் எண்ணைப் படிக்க முடிகிறதா என்பதே முதல் கேள்வி. கார்மின் 72எச் என்ற பழைய யந்திரத்தின் நிறமற்ற திரையைப் பார்த்து இன்றைய பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். வெயில் ஏற ஏற அந்தத் திரை தெளிவது போல, வண்ணப்படம் காட்டும் போன் திரை தெளிவதில்லை என்பதோடு, சூடு மிஞ்சினால் போன் தானாகவே அணைந்தும் விடுகிறது. உப்புநீர் சொட்டும் விரலைத் தொடுதிரை அறிவதில்லை. திரையில் விழுந்த துளியையோ விரலென்று எண்ணிக்கொள்கிறது. ஆகையால் பொத்தான் உள்ள யந்திரம், தண்ணீரில் விழுந்தால் மிதக்கிற யந்திரம், நடுக்கடலில் மாற்றிப் போடக்கூடிய ஏஏ பாட்டரியில் ஓடுகிற யந்திரம் என்று நான் பிடிவாதமாகச் சொல்லி வந்தேன். ஐபிஎக்ஸ் 7 என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பது, ஒரு மீட்டர் ஆழத்து நீரில் அரைமணி நேரம் கிடந்தால் தாங்கும் என்பதற்கு மாத்திரமே அத்தாட்சி. வருஷக் கணக்கில் உப்பு ஊறிப் பாட்டரி மூடியின் ரப்பர் வளையம் வெடிப்பதற்கு அது அத்தாட்சியாகாது. அந்த வளையத்தைக் கழுவித் துடைத்துப் போடாதவனுக்கு எந்த யந்திரமும் நீடிக்காது.

வழிவலை போடுகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. வலையோடு படகு நீவாட்டில், அதாவது நீரோட்டத்தில், மிதந்து போகும்போது, உள்ளே மின்திசைகாட்டி இல்லாத யந்திரம், படகின் முகம் எந்தத் திசையில் இருக்கிறதென்று அறியாது. நகர்ச்சியை வைத்துத்தான் அது திசை சொல்லும். நகர்ச்சி அற்பமாக இருந்தால் அம்பு நாலாபக்கமும் ஆடும். அதைப் பார்த்து யந்திரம் பழுதென்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் அநேகர். கார்மின் 78எஸ் போல மின்திசைகாட்டி உள்ளதை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், தூண்டில் போடுகிறவனுக்கு அந்தச் செலவு அநாவசியம்.

இந்தப் பேதங்களை எனக்குக் கற்பித்தவர் கொழும்புக்குத் தோணி ஓட்டிய ஒரு முதிய தண்டல். அவர் எந்த யந்திரத்தையும் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் நான் விற்ற ஒவ்வொரு யந்திரமும் அவர் வகுத்த பரீட்சைகளைத் தாண்டியே படகேறியது. முதல் பரீட்சை, கரையில் கட்டிக் கிடக்கும் படகில் யந்திரத்தை ஓடவிட்டு, அதன் தடத்தைப் பொழுதெல்லாம் கவனிப்பது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் அமெரிக்க அரசாங்கம் பொதுஜனங்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பிக்கொண்டிருந்தபடியால், கயிற்றில் கட்டுண்டு அசையாமல் கிடந்த படகு, யந்திரத்தின் கணக்கில் நூறு மீட்டர் வரையில் உலாவிக்கொண்டிருக்கும். "உன் பெட்டி நிக்கிற படகை ஓட்டுது, ஓடுற படகை எங்கே கொண்டு நிறுத்துமோ" என்பார். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கினார்கள். தடம் ஒரு சிறு முடிச்சாகச் சுருங்கியது. சந்தோஷத்தோடு கொண்டுபோய்க் காட்டினேன். "நேத்து வரைக்கும் பொய் சொன்னது இன்னைக்கு உண்மை சொல்லுது. நாளைக்கு என்ன சொல்லும்னு யாருக்குலே தெரியும்? கட்டிப்போட்டுப் பாக்கிறதை விட்டுறாதே" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார். நான் விடவில்லை.

இரண்டாவது பரீட்சை, கரையடையாளம். மணப்பாட்டுக் குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயத்தையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்து, பனங்கூட்டங்களில் ஒன்றை மற்றொன்றின்மேல் ஏற்றி, இரண்டு நேர்கோடுகள் வெட்டும் இடத்தில் பார் இருக்கிறதென்று நிச்சயிப்பது எங்கள் கடற்கரையில் பரம்பரையாக வந்த கணக்கு. அந்த இடத்தில் படகை நிறுத்தி பாயிண்டு எடுத்து, விலகிப் போய், வேறு திக்கிலிருந்து யந்திரத்தை மட்டும் பார்த்துத் திரும்பி வந்து, தலையை நிமிர்த்திப் பார்க்கும்போது அடையாளங்கள் பழையபடி ஒன்றின்மேல் ஒன்று நிற்க வேண்டும். நின்றாலும் அவருக்குத் திருப்தி வராது. ஈயக்குண்டின் அடிக்குழியில் சோப்பை அமுக்கி இறக்கி, எத்தனை பாகம் ஆழம் என்று எண்ணி, ஒட்டி வந்தது மணலா, சேறா, அல்லது ஒன்றும் ஒட்டாமல் பாறையில் அடிபட்டு வந்ததா என்று பார்த்த பிறகுதான் படகைத் திருப்பச் சொல்வார்.

இந்த ஈயக்குண்டுதான், என் தொழிலில் என்னை மிகவும் அலைக்கழித்த சிக்கலை வெளிக்கொண்டுவந்தது. ஒருவர் எடுத்த பாயிண்டை இன்னொருவர் வாங்கித் தம் யந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போவார். எண் ஓர் இலக்கம் பிசகாமல் சரியாக இருக்கும். குண்டை இறக்கினால் மணல் வரும். காரணம், எண் எந்த ஆதாரத்தின்மேல் எழுதப்பட்டதோ அந்த ஆதாரம் இரண்டு யந்திரங்களிலும் வேறாக இருப்பதே. 1802-இல் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கருகில் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த மகத்தான நில அளவையின் பயனாக, எவரெஸ்ட் என்பவர் 1830-இல் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்கு வகுத்தார். நம் நாட்டுப் பழைய படங்கள் அந்தக் கணக்கைத் தழுவியவை. செயற்கைக்கோள்களோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கில் பேசுகின்றன. எங்கள் கடலில் இரண்டுக்கும் நடுவே இருநூறு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் விழுகிறது. ஒரு சிறிய பாரைத் தவறவிட அதில் பாதியே போதும். யந்திரத்தின் பட்டியலில் 'இந்தியன்' என்று தொடங்கும் பெயர்களைக் கண்டவுடன், நம் தேசத்துக்கு உரியது அதுதான் என்ற தேசாபிமானத்தோடு அதைத் தெரிந்தெடுத்துவிடுகிறவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிடச் சாதாரணமானதும் அதனாலேயே அதிகம் கவனிக்கப்படாததுமான இன்னொரு பிசகு, எண்ணை எழுதும் முறை. எட்டு பாகை 20.50 நிமிஷம் என்பது எட்டு பாகை 20 நிமிஷம் 30 விநாடியாகும். அதை 20 நிமிஷம் 50 விநாடி என்று வாசித்து ஏற்றினால், அட்சரேகையில் ஒரு நிமிஷம் சுமார் 1,852 மீட்டராகையால், படகு அறுநூறு மீட்டருக்கு மேல் விலகிப் போய் நிற்கும். போனில் வருகிற பாயிண்டுகளோ நிமிஷமே இல்லாமல் முழுப் பாகைக்கும் தசமத்தில் வருகின்றன. மூன்று முறைகளையும் கலந்து எழுதிய காகிதத்தைக் கொடுத்து, "இதை ஏத்திக் கொடுங்க அண்ணாச்சி" என்பார்கள்; எது எந்த முறை என்று கேட்டால் கோபிப்பார்கள்.

யந்திரத்துக்குள் வரும் கடற்படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இளைஞர்கள் அதற்காகத்தான் அதிகப் பணம் கொடுக்கிறார்கள். எந்த அளவில் வரைந்த படத்திலிருந்து அது எடுக்கப்பட்டதோ அந்த அளவுக்குத்தான் அதற்கு விவேகம். பொத்தானை அழுத்திப் பெரிதாக்குவதால், யாரும் குண்டு இறக்கிப் பார்க்காத இடத்தில் ஆழம் தெரிந்துவிடாது. அளந்து வரைந்ததும் அப்படியே நிற்பதில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று 1986-இல் தேசியப் பூங்கா அமைத்தபோது கணக்கிட்டார்கள். பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் பலனாக விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன, வான்தீவு அரித்துச் சுருங்கிவிட்டது. படத்தைத் திருத்துகிறவர்கள் வருவதற்கு முன்பே கடல் தன் திருத்தத்தைச் செய்துவிடுகிறது. ஆகவே, படம் அற்பமாகவும் பாயிண்டுகளுக்கு இடம் விசாலமாகவும் உள்ள யந்திரத்தையே எங்கள் கடலுக்குச் சிறந்ததென்று நான் மதிக்கிறேன்.

பாக் நீரிணைக்குப் போகிறவர்களுக்கு மட்டும், 1974-ஆம் ஆண்டு இந்திய-இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தத்தின் ஆறு புள்ளிகளையும் நானே கோடாக ஏற்றிக் கொடுத்து, எச்சரிக்கை ஒலியை எல்லையில் வைக்காமல் அதற்கு வெகு முன்னாலேயே வைப்பேன். எஞ்சின் சத்தத்தில் அந்த மெல்லிய ஒலி காதில் விழாது என்பதால், அணியத்தில் இருக்கிறவன் கண்ணில் படும்படி யந்திரத்தைப் பொருத்தச் சொல்வேன்.

இப்போது நடப்பது வேறு. யார் எந்தத் தொழில் செய்கிறார், எந்தக் கடலுக்குப் போகிறார் என்று கேளாமல், எல்லாருக்கும் ஒரே யந்திரத்தை மொத்தமாக வாங்கிக் கொடுக்கிறார்கள்; கற்றுக்கொடுக்க ஆள் வருவதில்லை. ஒக்கி புயலுக்குப் பிறகு செய்தி தரும் சாதனங்கள் வேண்டுமென்ற ஞானம் எல்லாருக்கும் வந்தது, நல்லதுதான். ஆனால் சாதனம் வந்தால் வித்தை தானே வந்துவிடும் என்ற பிரமையும் கூடவே வந்துவிட்டது. கட்டிப்போட்டுப் பார்க்கிற பரீட்சைக்குத் தனக்கு நேரமில்லை என்கிறான் மருமகன். ஒரு தலைமுறையின் பாயிண்டுகள் முழுவதையும் ஒரே போனில் வைத்திருந்து, அது தண்ணீரில் விழுந்ததும் ஆழங்களைத் தேடி அலைகிறவர்களை இன்றைக்குத் தினமும் பார்க்கலாம். கெட்டி அட்டைபோட்ட நோட்டில், பாயிண்டுக்குப் பக்கத்தில் ஆதாரக் கணக்கின் பெயர், எழுதிய முறை, ஈயக்குண்டு சொன்ன ஆழம் ஆகிய மூன்றையும் எழுதி வைக்கச் சொல்வேன். இந்த மூன்றும் இல்லாத பாயிண்டை நான் எந்த யந்திரத்திலும் ஏற்றிக் கொடுத்ததில்லை; இப்போது அதே கடையில், போனில் வந்ததை வந்தபடியே ஏற்றிக் கொடுத்துக் காசு வாங்குகிறார்கள்.