நான்கு காவற்பெண்டிரும் ஓர் ஆய்வுக் கட்டுரையும்

ஜூன் 18

ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலேறிக் கல்லூரிக்குச் செல்லும் வரலாற்று மாணவர் ஒருவரிடம் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டால், ‘மாமல்லபுரத்துச் சிற்பக்கலை’ என்று எழுதிக் கொடுப்பது இயல்பே. ஆயினும் தலைப்பு ஒரு பரப்பைச் சுட்டுமேயன்றி, அப்பரப்பில் எதை அறிய வேண்டும் என்று சொல்லாது. அறிய வேண்டியதைச் சான்று கொண்டு விடை காணத்தக்க ஒற்றைக் கேள்வியாகச் சுருக்கிக்கொள்வதே ஆய்வு வினா எனப்படுகிறது. மாமல்லபுரத்தின் திரௌபதி ரதம், கோடிக்கால் மண்டபம் ஆகிய இரண்டும் கொற்றவைக்குரிய கோயில்கள். இரண்டன் வாயிலிலும் இருவர் இருவராகக் காவலுக்கு நிற்போர் பெண்கள். இந்நால்வரும் ஒரே உடலளவு விகிதத்தில் செதுக்கப்பட்டவர்களா என்று கேட்டால், ஒரு பருவத்துக்குள் ஒரு மாணவரால் நேரில் சென்று அளந்து விடை சொல்ல முடியும்.

ஜூன் 29

கேள்வி சிறிதாயினும் அதன் பின்னணியில் நெடிய விவாதம் ஒன்று உள்ளது. மாமல்லபுரத்துக் கலைப்படைப்புகளை அவற்றின் பாணி வேறுபாட்டைக் கொண்டு பல்லவ மன்னர் சிலரிடையே பங்கிட்டு வரிசைப்படுத்துவதே வழக்கமாக இருந்த காலத்தில், இரா. நாகசாமி 1962இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரையொன்றில் அவை அனைத்தும் இராஜசிம்மன் காலத்தவையே என்று வாதிட்டார். அங்குள்ள கல்வெட்டுகளில் வரும் அத்யந்தகாமன் என்ற விருதுப்பெயர் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இராஜசிம்மனுக்கு வழங்குவது அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. அடுத்து வந்தவர்கள் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் ஆசிரியர் மூவர்: மெய்யியல் கற்பித்த மைக்கேல் லாக்வுட், புள்ளியியல் கற்பித்த கிஃப்ட் சிரோமணி, தாவரவியல் கற்பித்த பி. தயானந்தன். மூவருள் எவரும் தொழில்முறைத் தொல்லியலாளர் அல்லர். எனினும் 1974இல் அவர்கள் வெளியிட்ட மாமல்லபுர ஆய்வுநூல், சோமாஸ்கந்தச் சிற்பங்களின் நுண்கூறுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காலத்தை ஆராய்ந்தது. சிரோமணியும் உடனாய்வாளர்களும் பல்லவர் சிற்பங்களின் உறுப்பளவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்த கட்டுரை 1980இல் வெளிவந்தது. ஊரப்பாக்கத்துக்குச் சில ரயில் நிலையங்களே தள்ளியுள்ள ஒரு கல்லூரியில், வார்த்தை வாதமாக இருந்ததை அளவுகோலுக்கு உட்படுத்திய இந்த முயற்சி, இப்பகுதி மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது.

முன்னாய்வு மீள்பார்வை என்பது படித்த நூல்களின் சுருக்கங்களை அடுக்குவதன்று. யார், எந்தச் சான்றின் மேல் நின்று, எதைச் சொன்னார், எங்கே மற்றவரோடு முரண்பட்டார் என்று பிரித்துக் காட்டுவதே அது. அதைச் செய்து முடித்த பிறகே, ‘நான்கு உருவங்களின் விகிதமும் ஒன்றே’ என்பது போல, அளந்து பார்த்து ஏற்கவோ மறுக்கவோ கூடிய ஒரு முன்முடிபை மாணவர் எழுதி வைக்க வேண்டும். இதற்குக் கருதுகோள் என்று பெயர். அளந்து முடித்தபின் எழுதப்படும் கருதுகோள் எதையும் சோதிப்பதில்லை.

ஜூலை 9

கல்வெட்டு, சிற்பம் போல ஆராயப்படும் காலத்திலிருந்தே நேராக வருவது முதன்மைச் சான்று. அதைப் பற்றிப் பிறர் எழுதியது இரண்டாம்நிலைச் சான்று. ஹுல்ட்ஷ் பதிப்பித்து 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் மாமல்லபுரக் கல்வெட்டுகள் இருப்பதால், அவற்றைப் பற்றிய மறுகூற்றுகளை நம்பியிருக்க வேண்டிய தேவையில்லை.

ஜூலை 21

செங்கல்பட்டு வரை ரயிலிலும் பின் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்திலும் சென்றால் களமான மாமல்லபுரம் வந்துவிடும். சிற்ப மரபில் முகநீளமே தாலம் என்னும் அளவலகு. ஒரு தாலம் பன்னிரண்டு அங்குலம் கொண்டது. இந்த அங்குலம் அந்தந்த உருவத்துக்கே உரிய சார்பளவு என்பதால் விகிதம் காண நிழற்படமே போதும், கல்லைத் தொட வேண்டியதில்லை. ஆனால் படமெடுக்கும் முறையில் பிழை நேர்ந்தால் முழு ஆய்வும் சாய்ந்துவிடும். கேமராவைத் தாழ வைத்து மேல்நோக்கி எடுத்தால் தலை சிறுத்துத் தோன்றும். முகமே அலகாதலால் உடல் உண்மையைவிட நெடியதாகக் கணக்கில் ஏறும். எனவே உருவத்தின் நடு உயரத்துக்கு நேரே, நான்கு உருவங்களுக்கும் ஒரே தொலைவில் கேமராவை நிறுத்துவது நலம். முகத்தின் மேல் எல்லை மயிர்வரம்பு என்றாலும், தலையணி அதை மறைக்குமிடத்தில் எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது என்பதை முதல் உருவத்திலேயே முடிவுசெய்து எல்லாவற்றுக்கும் அதையே பின்பற்ற வேண்டும். இடுப்பு ஒசிந்து நிற்கும் உருவத்தில் உயரத்தை நேர்கோட்டில் அளப்பதா, வளைவை ஒட்டி அளப்பதா என்ற முடிவும் அப்படியே. இம்முடிவுகள் அன்றே குறிப்பேட்டில் ஏறாவிட்டால், எழுதும்போது நினைவிலிருந்து மீட்க இயலாது.

ஆகஸ்ட் 14

கட்டுரையை முன்னுரையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது தேவையற்ற கட்டாயம். ஆய்வுமுறையை முதலில் எழுதி, பின் முடிவுகளையும் அவற்றின் பொருளையும் எழுதி, அதன்பின் முன்னுரைக்கு வந்தால், இன்னதற்கு முன்னுரை என்பது தெளிவாகியிருக்கும். முழுக் கட்டுரையையும் ஒரு பத்தியில் தரும் ஆய்வுச் சுருக்கம் கடைசியில்தான் வரும்.

ஆகஸ்ட் 30

பிறர் கருத்தையோ சொற்களையோ மூலம் சுட்டாமல் தமதாகத் தருவது கருத்துத்திருட்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகளின்படி பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்பதால், ஒப்புமையை அந்த எல்லைக்குள் அடக்குவதையே நேர்மை என்று கருதும் போக்கு வளரக்கூடும். நாகசாமியின் வாதத்தை வேறு சொற்களில் எழுதி அவர் பெயரை விட்டுவிட்டால், ஒப்புமை காணும் மென்பொருள் அதைக் கண்டுபிடிக்கத் தவறலாம், ஆனால் திருட்டு திருட்டேயாகும்.

செப்டம்பர் 12

நான்கு உருவங்களின் விகிதமும் ஒத்துவந்தால், அந்நான்கும் ஒத்துள்ளன என்று மட்டுமே முடிவுரை சொல்லலாம். ஒரே சிற்பி செய்தார் என்றோ, இரு கோயில்களும் ஒரே ஆண்டின என்றோ நீட்ட இடமில்லை. ஒத்துவராவிட்டால், கருதுகோள் பொய்த்தது என்பதை அதே தெளிவோடு எழுத வேண்டும். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆசிரியர் ஆய்வின் இயல்பை அறியாதவர். அளவு அட்டவணையும், படமெடுத்த தொலைவு, உயரம், அளவெடுத்த புள்ளிகள் பற்றிய குறிப்பும் பின்னிணைப்பில் சேர்ந்தால், அடுத்த ஆண்டு மாணவர் அதே நான்கு உருவங்களை மீண்டும் அளந்து சரிபார்க்கலாம்.