மேல்கயிறு

போன டிசம்பர் விடுமுறையில் மகன் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். “வாப்பா, நீங்க சொல்ற மல்யுத்த கேம் இதானா?”

அதேதான். டபிள்யூ.டபிள்யூ.எஃப். றோயல் ரம்பிள். 1993இல் சேகா மெகா டிரைவுக்கு வந்த பதினாறு பிட் விளையாட்டு. அந்த எழுத்துகளே இன்று இல்லை. வனவிலங்கு நிதியத்தோடு நடந்த பெயர் வழக்கில் தோற்று, 2002இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. ஆகிவிட்டார்கள்.

1995இல் எனக்குப் பதினைந்து வயது. ஆலங்குடா முகாமில் கிடுகுக் கொட்டில். கற்பிட்டித் தோட்டங்களில் வெங்காயம் ஆய்ந்த காசில், சனிக்கிழமைகளில் புத்தளம் நகருக்குப் போவோம். கடைக்கார நானா ஒரு ரீவியும் அலாரம் மணிக்கூடும் வைத்திருந்தார். கால் மணித்தியாலம் ஐந்து ரூபாய்.

இருவர் கட்டிப்பிடித்ததும் தலைக்கு மேல் ஒரு கோடு தோன்றும். யார் வேகமாகப் பொத்தானை அமத்துகிறாரோ அவர் பக்கம் அது இழுபடும். வித்தை ஒன்றும் இல்லை, விரல்தான். வெங்காயம் ஆய்ந்த விரல்களுக்கு அது லேசு. நடுவரை விழுத்திவிட்டால் கழுத்தை நெரிக்கலாம், கண்ணைக் குத்தலாம். ஹல்க் ஹோகனுக்கு எப்போதும் அடிபிடி. எங்களுக்கு அதிகம் பிடித்தது கழுத்துப்பட்டி கட்டிய வரி அதிகாரி மல்லன். அவனுக்கு ‘ஜீ.எஸ்.’ என்று பெயர் வைத்திருந்தோம். நிவாரண அட்டை பார்க்க வருபவரின் நடை அப்படியே அவனிடம் இருந்தது.

மணலில் நாங்கள் அதே பிடிகளைப் போடுவதைக் கண்ட ஓதல் பள்ளி ஹஸ்ரத் ஏசவில்லை. நபிகளார் (ஸல்) ருகானாவை மல்யுத்தத்தில் வீழ்த்திய வரலாற்றைச் சொன்னார். முகத்தில் மட்டும் அடிக்கக் கூடாதாம். அந்த விளையாட்டில் பாதி அடி முகத்துக்குத்தான் என்பதை நாங்கள் சொல்லவில்லை.

ரம்பிள் என்பது தனி ஆட்டம். கோதாவில் ஒரே நேரத்தில் ஆறு பேர். தோளை நிலத்தில் அமத்தி எண்ணுவதெல்லாம் இல்லை. மேல்கயிற்றுக்கு மேலால் தூக்கி வெளியே எறிந்தால் முடிந்தது. எறியப்பட்டவன் திரும்பி வர முடியாது. அவன் இடத்துக்கு இன்னொருவன் வருவான். என் கூட்டாளி ஒருவன் அந்த ஆட்டத்தை மட்டும் விளையாடமாட்டான். ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தரப்பட்டது இரண்டு மணித்தியாலம். அவனுடைய வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு.

இரண்டு நாள் கழித்து, என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் சோனகத்தெருவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். தென்மராட்சிக்காரர், என் வயதுதான். மடிக்கணினியைக் காட்டினேன்.

“இதை நான் கண்டதே இல்லை சேர்.”

“93இல வந்தது.”

“93இல இஞ்ச கறன்ட் எங்க இருந்தது? சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் நாங்கள் பாட்டுக் கேட்டது. படிப்பு ஜாம் போத்தல் விளக்கில.”

எனக்கு அது தெரியாத விசயம் அல்ல. ஆனாலும் முகாமில் படுத்துக்கொண்டு நான் பொறாமைப்பட்ட யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. எங்களை வெளியேற்ற முன்னரே, அந்த வருடத்தின் நடுப்பகுதியிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. அதைக்கூட மனம் அழித்துவிட்டிருந்தது. அங்கேயே இருந்துவிட்ட பையன்களுக்கு நான் இழந்ததெல்லாம் கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று எத்தனை வருடம் கறுவியிருக்கிறேன்!

“எங்களுக்கும் ஒக்டோபர் 30தான்,” என்றார் அவர். “95இல. வலிகாமச் சனம் முழுக்க ஒரே இரவில எங்கட பக்கம் வந்தது. எங்கட வளவில மட்டும் பதினொரு குடும்பம்.”

அவர்களில் பலர் ஆறு மாதத்தில் திரும்பிவிட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. இரண்டும் ஒன்றல்ல. அவரும் ஒன்று என்று சொல்லவில்லை.

மகன் இருவர் ஆட்டத்தைப் போட்டுத் தந்தான். ரம்பிளே வேண்டும் என்றார். நான் ஜீ.எஸ்., அவர் ஹோகன். எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லிக்கொண்டே விளையாடினோம். மற்றவர்களை எல்லாம் வெளியே எறிந்தபின் நாங்கள் இருவரும் மிஞ்சினோம். கோடு என் பக்கம் இழுபட்டு வந்தது. விரல் நோவெடுக்க ஒரு கணம் விட்டேன். ஜீ.எஸ். மேல்கயிற்றுக்கு மேலால் பறந்துபோய் விழுந்தான்.

அவர் கையை எடுத்துவிட்டார். “ஐயோ, நான் வேணுமெண்டு செய்யேல்ல சேர்.”

மஃரிபுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. “திரும்பப் போடு,” என்று மகனிடம் சொன்னேன்.